தெர்மல் மோனாகுலரும் தெர்மல் கேமராவும்: டெட் பிக்சல் விஷயத்துல ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயில்

ரெண்டு டிவைஸ் பத்தி சேர்த்தே எழுதறேன், ஏன்னா ரெண்டுலயும் வந்த பிரச்சனை ஒண்ணுதான், டெட் பிக்சல், அதாவது சென்சார்ல செத்துப்போய் படத்துல மாறாத புள்ளியா நிக்கற கட்டம், ஆனா அதை ரெண்டும் கையாண்ட விதம் சுத்தமா வேற. ஒண்ணு ராத்திரில மிருகம், பறவை பாக்கறதுக்கு வெச்சிருக்கற 384×288 பிக்சல் தெர்மல் மோனாகுலர் (சூட்டை படமா காட்டற ஒத்தைக்கண் தொலைநோக்கி), 35 எம்எம் லென்ஸ். இன்னொண்ணு எலக்ட்ரிக்கல் பேனல், மோட்டார், பேரிங் இதெல்லாம் எங்க சூடாகுதுன்னு பாக்க வேலைக்கு எடுத்துட்டு போற 256×192 தெர்மல் கேமரா. கம்பெனி பேர் வேணும்னே போடல, இந்த ரகத்துல வர்ற பல மாடலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துக்குது, பேர் போட்டா பேச்சு பிராண்ட் சண்டை பக்கம் போயிடும். மோனாகுலருக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன். கேமராவுக்கு ரெண்டரை, அதுவும் மத்த விஷயங்கள்ல நல்லா இருக்கேன்னு தான்.

முதல்ல அந்த சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், அது தெரியாம டெட் பிக்சலை பாத்து கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. நாம வாங்கற சாதாரண அன்கூல்டு (சென்சாரை தனியா குளிர வைக்காத) தெர்மல் டிவைஸ் எல்லாத்துக்குள்ளயும் இருக்கறது மைக்ரோபோலோமீட்டர். 8ல இருந்து 14 மைக்ரான் வரைக்குமான அகச்சிவப்பு கதிர் பட்டா சூடாகும், சூடானா அதோட எலக்ட்ரிக்கல் ரெசிஸ்டன்ஸ் மாறும், அவ்ளோதான் வேலை. வனேடியம் ஆக்சைடுல இல்லன்னா அமார்ஃபஸ் சிலிக்கான்ல பண்ண மெல்லிசான தகடு ஒவ்வொரு பிக்சலும். அது சிப்புக்கு மேல மெல்லிய கால்ல தூக்கி நிறுத்தினாப்ல நிக்கும், கீழ படாது, பட்டா சூடு சிப்புக்குள்ள இறங்கிடும். காத்து வழியாவும் சூடு போயிடக்கூடாதுன்னு மொத்தத்தையும் வேக்குவம்ல அடைச்சு வெச்சிருப்பாங்க. இப்ப வர்ற சென்சார்ல ஒரு பிக்சலோட நடுவுல இருந்து அடுத்த பிக்சலோட நடு வரைக்கும் 12 மைக்ரான், கொஞ்சம் பழசுன்னா 17. 384×288ன்னா இந்த மாதிரி 1,10,592 தகடு ஒரு நகத்தைவிட சின்ன இடத்துல நிக்குது. இதுல கொஞ்சம் கால் உடைஞ்சு, ஒட்டிக்கிட்டு, சரியா உருவாகாம தான் ஃபேக்டரிலயிருந்தே வெளிய வரும். வராம இருந்தா தான் அதிசயம்.

அதனால சென்சார் கம்பெனிங்க டேட்டாஷீட்லயே "ஆபரபிலிட்டி"ன்னு, அதாவது மொத்த பிக்சல்ல எவ்ளோ ஒழுங்கா வேலை செய்யுதுன்னு, ஒரு சதவீதம் போட்டுடுவாங்க. 99.5 சதவீதத்துக்கு மேலன்னு நிறைய இடத்துல பாக்கலாம். கேக்கறதுக்கு நல்லா இருக்கும், ஆனா மிச்சம் அரை சதவீதத்தை கணக்கு போட்டா 384×288ல 550 பிக்சலுக்கு மேல, 640×512ல 1,600க்கு மேல. அவ்ளோ பிக்சல் செத்திருந்தாலும் அது ஸ்பெக்குக்குள்ள இருக்கற நல்ல சென்சார்னு அர்த்தம். அப்ப புது டிவைஸை பெட்டியில இருந்து எடுத்து பாக்கும்போது ஒரு புள்ளி கூட தெரியலையேன்னா, செத்தது எதெதுன்னு ஃபேக்டரில கண்டுபிடிச்சு ஒரு மேப் போட்டு, அந்த இடத்துல எல்லாம் பக்கத்து பிக்சலோட மதிப்பை வெச்சு நிரப்பிடறாங்க. வகுப்புக்கு வராத பையனுக்கு பக்கத்து பெஞ்சுக்காரங்க மார்க்கை ஆவரேஜ் பண்ணி போட்டு விடற மாதிரி. ஒருத்தன் ரெண்டு பேர் அங்கங்க வரலன்னா யாருக்கும் தெரியாது, ஒரே மூலையில ஒரு பெஞ்சே காலின்னா தான் தெரியும். இதனால தான் எத்தனை பிக்சல் செத்துச்சுங்கறதை விட, அது தனித்தனியா இருக்கா இல்ல கூட்டமா இருக்கா, ஓரத்துல இருக்கா இல்ல நட்ட நடுவுல இருக்கா, இது தான் பெரிய விஷயம்.

ஆக நமக்கு பிரச்சனையே ஃபேக்டரி மேப்புக்கு அப்புறம் சாகற பிக்சல் தான். அது பாட்டுக்கு வயசாகி சாகும், ரொம்ப சூடான இடத்துல இல்ல ரொம்ப குளிர்ல யூஸ் பண்ணும்போது வித்தியாசமா நடந்துக்கும், வெயில் நேரா லென்ஸ்ல விழுந்தா கருகும்.

சரி, மோனாகுலருக்கு வருவோம். நல்லா போயிட்டிருந்தது, ஒரு நாள் ஒயிட் ஹாட்ல (சூடானதை வெள்ளையா காட்டற மோட்) பாத்துட்டிருக்கும்போது படத்துக்கு நடுவுல இருந்து கொஞ்சம் இடது பக்கமா ஒரு வெள்ளை புள்ளி. டிவைஸை எங்க திருப்பினாலும் அதுவும் கூடவே வருது. இதுல ஒரு சங்கடம் என்னன்னா தூரத்துல இருக்கற முயலும் அப்படித்தான் தெரியும், ஒரு வெள்ளை புள்ளி. கணக்கு போட்டா புரியும், 12 மைக்ரான் பிக்சல், 35 எம்எம் லென்ஸ், 100 மீட்டர்ல ஒரு பிக்சல் பாக்கற இடம் சுமார் மூணரை சென்டிமீட்டர், 500 மீட்டர்ல சுமார் 17 சென்டிமீட்டர். அப்ப 500 மீட்டர்ல ஒரு முயல்னா மொத்தமே ரெண்டு மூணு பிக்சல் தான். ஒவ்வொரு தடவையும் அந்த புள்ளியை பாத்து ஒரு செகண்ட் மனசு நின்னு "ஓ இது நம்ம ஆளு"ன்னு விலக்கிட்டு தேடணும்னா ஒரு மணி நேரத்துல கண்ணு வலிச்சுடும்.

புள்ளி வந்த உடனே சர்வீஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும், இதை நிறைய பேர் பண்றதில்ல. மோனாகுலர்ல ரெண்டு இடத்துல பிக்சல் இருக்கு, ஒண்ணு சென்சார்ல, இன்னொண்ணு கண்ணு வெச்சு பாக்கற சின்ன டிஸ்ப்ளேல. டிஸ்ப்ளேல செத்திருந்தா பிக்சல் ரிப்பேர் மெனுவை எவ்ளோ நோண்டினாலும் போகாது. தெரிஞ்சுக்க சுலபமான வழி, ஒரு வீடியோ ரெக்கார்ட் பண்ணி ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ போட்டு பாருங்க, அதுலயும் புள்ளி இருந்தா சென்சார், இல்லன்னா டிஸ்ப்ளே. டிஜிட்டல் ஜூம் பண்ணி பாத்தாலும் தெரியும், சென்சார் புள்ளின்னா ஜூம் கூட கூட பெருசாகி, இடமும் நகரும், டிஸ்ப்ளே புள்ளி அசையாம அதே சைஸ்ல அங்கயே நிக்கும், மெனு எழுத்துக்கு மேலயும் தெரியும். மூணாவது ஆள் தூசி. லென்ஸ்ல இருக்கற தூசி புள்ளியா தெரியவே தெரியாது, ஃபோக்கஸ்ல இல்லாததால லேசா ஒரு மங்கல், அவ்ளோதான். சென்சார் ஜன்னல் மேல தூசி விழுந்தா ஓரம் கலங்கின ஒரு கறை. ஷட்டர்ல, அதாவது சென்சாருக்கு முன்னாடி அப்பப்ப மூடி திறக்கற சின்ன தகடுல, தூசி ஒட்டியிருந்தா தான் விசித்திரம், "டிக்"னு ஷட்டர் அடிச்ச ஒவ்வொரு தடவையும் அந்த தூசியோட நிழல் படத்துல கருப்பு வெள்ளை மாறி பதிஞ்சுடும், லென்ஸ் கேப்பை மூடி ஷட்டர் இல்லாம கையால கேலிப்ரேட் பண்ணா காணாம போயிடும். கூர்மையா, ஓரம் வெட்டினாப்ல, ஒரே ஒரு கட்டமா நின்னா தான் அது டெட் பிக்சல்.

அந்த "டிக்" சத்தத்தை பத்தியும் சொல்லிடணும், ஏன்னா நிறைய பேர் அது தான் டெட் பிக்சலை சரி பண்ணுதுன்னு நினைச்சுட்டு அந்த பட்டனை அமுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொரு பிக்சலும் ஒரே சூட்டுக்கு ஒரே மாதிரி பதில் சொல்லாது, டிவைஸ் சூடாக ஆக இன்னும் விலகிப்போகும். ஷட்டரை மூடி எல்லா பிக்சலையும் ஒரே மாதிரி இருக்கற ஒரு பரப்பை பாக்க வெச்சு, ஒவ்வொண்ணும் எவ்ளோ தள்ளி நிக்குதோ அதை கழிச்சுக்கறது தான் அந்த "டிக்", இதுக்கு பேர் என்.யு.சி. (நான்-யூனிஃபார்மிட்டி கரெக்ஷன்). அதாவது உயிரோட இருக்கற பிக்சல்களை ஒரே கோட்டுக்கு கொண்டு வர்ற வேலை. கொஞ்சம் விலகின பிக்சல் இதுல சரியாயிடும். சூட்டுக்கு பதிலே சொல்லாத பிக்சல் சரியாகாது, சில நேரம் ஷட்டர் அடிச்சதும் மறைஞ்ச மாதிரி இருக்கும், கொஞ்சம் வேற சூட்டுல இருக்கற இடத்தை காட்டின உடனே கருப்பாவோ வெள்ளையாவோ திரும்ப வந்துடும். மறைஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டு ரிட்டர்ன் தேதியை விட்டுடாதீங்க.

இனி மோனாகுலர்ல எனக்கு பிடிச்ச விஷயம். இதுல பிக்சல் ரிப்பேர் மெனுவே இருக்கு. இது ஒண்ணும் அபூர்வம் இல்ல, பல்சர் கம்பெனி டிவைஸ்களோட மேனுவல்லயே டிஃபெக்டிவ் பிக்சலை யூசரே நீக்கற வழி படிப்படியா எழுதியிருக்கும், ஹிக்மைக்ரோ கம்பெனி டிவைஸ்ல டிபிசின்னு (டிஃபெக்டிவ் பிக்சல் கரெக்ஷன்) மெனுல இருக்கும். என்னோடதுலயும் முறை அதே மாதிரி தான். டிவைஸை ஆன் பண்ணி ஒரு பத்து பதினைஞ்சு நிமிஷம் சூடாக விடணும், ஆன் பண்ண உடனே பண்ணாதீங்க, சென்சார் நிதானத்துக்கு வர்றதுக்குள்ள தற்காலிகமா தப்பா நிக்கற நல்ல பிக்சலை எல்லாம் சேர்த்து கொன்னுடுவீங்க. அப்புறம் லென்ஸ் கேப்பை மூடி ஒரு தடவை கேலிப்ரேட் பண்ணிட்டு மெனுக்குள்ள போனா ஒரு சிலுவை குறி வரும், மூலையில ஒரு சின்ன கட்டத்துல அந்த இடத்தை பெருசாக்கி காட்டும். சிலுவையை நகர்த்தி புள்ளி மேல கரெக்டா உக்கார வெச்சு ஓகே அமுக்கினா புள்ளி போயிடும். போனது கண்ணுக்கு முன்னாடியே தெரியும், அது ஒரு தனி திருப்தி.

குறை இல்லாம இல்ல. சிலுவையை நகர்த்தற பட்டன் தான் கொடுமை, ஒரு தடவை அமுக்கினா ஒரு பிக்சல் போகுது, அமுக்கி பிடிச்சா பத்து பிக்சல் தாண்டி குதிக்குது, நடுவுல எதுவும் கிடையாது. குளிர்ல கையுறை போட்டுட்டு இதை பண்ணவே முடியாது, வீட்டுல உக்காந்து பொறுமையா பண்ணணும். அப்புறம் கருப்பு பின்னணில கருப்பு புள்ளியை தேடறது, அதுக்கு கேப்பை மூடறதுக்கு பதிலா ஒரே சூட்டுல இருக்கற வெறும் சுவரை ஃபோக்கஸ் கலைச்சுட்டு காட்டினா நல்லா தெரியுது, கலர் பேலட்டை பிளாக் ஹாட்டுக்கும் (சூடானது கருப்பா தெரியறது) ஒயிட் ஹாட்டுக்கும் மாத்தி மாத்தி பாத்தா இன்னும் சுலபம். மூணாவது குறை தான் பெருசு, நீக்கினதை திரும்ப கொண்டு வரணும்னா தனித்தனியா முடியாது, ஃபேக்டரி மேப்புக்கு மொத்தமா ரீசெட், அதாவது நாம நீக்கின எல்லாமே திரும்ப வந்துடும். ஒரு லிஸ்ட் காட்டி எது வேணுமோ அதை மட்டும் திருப்பி எடுக்க விட்டிருக்கலாம், ஃபர்ம்வேர்ல பெரிய வேலை ஒண்ணும் இல்ல. முக்கால் வாசி கம்பெனி பண்றதில்ல.

மின்னற பிக்சல்னு ஒரு ரகம் இருக்கு, அது தான் எல்லாத்தையும் விட எரிச்சல். சில நிமிஷம் ஒழுங்கா இருக்கும், திடீர்னு பளிச் பளிச்னு அடிக்கும், மெனுவை திறந்தா நல்ல பிள்ளையா ஒளிஞ்சுக்கும். இதுக்கு நான் பண்றது, வீடியோ ரெக்கார்ட் போட்டுட்டு அது மின்னற நேரத்துல பிடிச்சு, ஃப்ரேமை நிறுத்தி எந்த வரிசை எந்த பத்தின்னு எண்ணி வெச்சுக்கறது, அப்புறம் மெனுல அந்த இடத்துக்கே போய் நீக்கறது. சிலுவையோட எக்ஸ், ஒய் நம்பரை ஸ்கிரீன்ல காட்டற மாடலா இருந்தா இது நிமிஷத்துல முடியும், என்னோடது காட்டும், அதுக்காகவே அரை மார்க் கூட போட்டேன். ஆனா முழு வரிசையோ முழு பத்தியோ கோடா தெரிஞ்சா மெனுவை மூடிடுங்க, அது பிக்சல் இல்ல, பிக்சல்களை படிக்கற ரீட்அவுட் சிப்ல கோளாறு, நாம பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, வாரண்டி இருந்தா நேரா அனுப்பிடுங்க.

வெயில் பட்டு கருகறது வேற கதை. சூரியன் கொஞ்ச நேரம் லென்ஸ்க்குள்ள நேரா விழுந்தா ஜெர்மேனியம் லென்ஸ் அதை ஒரு புள்ளியா குவிச்சு சென்சார்ல கொண்டு போய் வைக்கும், சூரியன் நகர்ந்த பாதையிலயோ நம்ம கை நகர்ந்த பாதையிலயோ ஒரு கீறல் மாதிரி தடம் விழும். லேசான தடம்னா நாள்போக்குல, கேலிப்ரேஷன் ஓட ஓட மங்கி போறது உண்டு, ஆழமா பட்டிருந்தா நிரந்தரம். அதனால தடம் விழுந்த அன்னிக்கே உக்காந்து நூறு பிக்சலை நீக்காதீங்க, கொஞ்ச நாள் விட்டு பாருங்க. லேசரும் அப்படித்தான், அதுலயும் வெட்டற மெஷின்ல வர்ற கார்பன் டை ஆக்சைடு லேசர் 10.6 மைக்ரான், சரியா இந்த சென்சார் பாக்கற அலைநீளத்துக்கு நடுவுல வருது, லென்ஸ் அதை தடுக்காது. அந்த மெஷின் பக்கம் தெர்மல் கேமராவை எடுத்துட்டு போறவங்க எதிரொளிப்பையும் சேர்த்து யோசிக்கணும். இன்னொண்ணு, கண்ணு வைக்கற பக்கத்தையும் வெயில்ல காட்டக்கூடாது, ஐபீஸ் லென்ஸ் வெயிலை குவிச்சு உள்ள இருக்கற டிஸ்ப்ளேவை சுட்டுடும், அதுக்கு எந்த மெனுவும் கிடையாது. முன்பக்க கேப்பை ஒழுங்கா மூடிட்டு பின்பக்கத்தை ஜன்னலோரம் வெச்சுட்டு போறவங்க நிறைய பேர்.

மொத்தத்துல மோனாகுலரை பொறுத்தவரை, செத்த பிக்சலை பக்கத்து மதிப்பால நிரப்பறது முழுக்க சரி. நான் பாக்கத்தான் போறேன், அளக்க போறதில்ல. படம் அசைஞ்சுட்டே இருக்கு, மிருகமும் அசையுது, ஒரு ஃப்ரேம்ல டெட் பிக்சல் மேல விழுந்தது அடுத்த ஃப்ரேம்ல நல்ல பிக்சல் மேல விழும். எதை நீக்கினோம்னு எனக்கே தெரியும், நான் தானே நீக்கினேன்.

கேமரா கதை அப்படி இல்ல.

இது அளக்கற கருவி. ஸ்கிரீன்ல அதிக சூடு எங்கன்னு ஒரு சிவப்பு குறி தானா ஓடி போய் நிக்கும், பக்கத்துல டிகிரி காட்டும், அதை வெச்சு தான் ரிப்போர்ட் எழுதறோம். ஒரு நாள் அந்த குறி பேனல்ல ஒண்ணுமே இல்லாத ஒரு ஓரத்துல போய் நின்னுக்கிச்சு, கேமராவை நகர்த்தினா குறியும் ஸ்கிரீன்ல அதே இடத்துலயே நிக்குது, பக்கத்துல இருக்கற எல்லாத்தை விடவும் முப்பது நாப்பது டிகிரி கூட. ஒரு பிக்சல் மாட்டிக்கிட்டு நிக்குது, அவ்ளோதான், ஆனா அந்த ஒரு பிக்சலால அதிகபட்ச சூட்டு குறின்ற அம்சமே காலி. ஆட்டோ ஸ்கேல்ல (படத்துல இருக்கற சூட்டுக்கு ஏத்த மாதிரி கலரை தானா பிரிக்கறது) விட்டிருந்தா இன்னும் மோசம், கலர் எல்லாமே அந்த பொய் சூட்டுக்கு ஏத்த மாதிரி நீண்டு மீதி படம் பூரா ஒரே ஊதாவா போயிடுது. அந்த ஓரத்தை விட்டுட்டு நடுவுல ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள மட்டும் அதிகபட்சம் காட்டுன்னு செட் பண்ணி தான் கொஞ்ச நாள் ஓட்டினேன். இந்த வசதி இருக்கறதால தான் வேலை நிக்கல. ஆட்டோ ஸ்கேலை லாக் பண்ணிட்டா கலரும் ஒழுங்காயிடும்.

மெனுல தேடினா பிக்சல் ரிப்பேர்னு ஒண்ணுமே கிடையாது. சர்வீஸுக்கு எழுதினா முதல் பதில் "ஆபரபிலிட்டி ஸ்பெக்குக்குள்ள இருக்கு, இது குறைபாடு இல்ல". கணக்குப்படி அவங்க சொல்றது சரி தான், 256×192ன்னா 49,152 பிக்சல், அரை சதவீதம்னா 245, நான் காட்டினது ஒண்ணு. ஆனா அந்த 99.5ங்கறது சென்சார் செய்யறவங்க கேமரா செய்யறவங்களுக்கு குடுக்கற வாக்கு. மேப் போட்டு சரி பண்ணி குடுக்க வேண்டியது கேமரா செய்யறவங்க வேலை, அதுக்கு தானே காசு வாங்கறாங்க. இதை எழுதி, அதிகபட்ச குறி மாட்டிக்கிட்டு நிக்கற வீடியோவையும் வெச்சதுக்கு அப்புறம் தான் அனுப்ப சொன்னாங்க. வாதாட போறவங்க இதை கவனிங்க, "ஒரு புள்ளி தெரியுது"ன்னு எழுதாதீங்க, "இந்த அம்சம் வேலை செய்யல"ன்னு எழுதுங்க. சில பேர் மானிட்டருக்கு இருக்கற ஐ.எஸ்.ஓ. 9241-307 டெட் பிக்சல் வகுப்பை எல்லாம் எடுத்துட்டு போய் சண்டை போடறாங்க, அது டிஸ்ப்ளேவுக்கானது, தெர்மல் சென்சாருக்கு அதை காட்டினா சிரிப்பாங்க.

திரும்பி வந்துச்சு, புள்ளி போச்சு, குறி ஒழுங்கா ஓடுது. பேக்கிங், நடந்துக்கிட்ட முறை, எல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனா கூட வந்த காகிதத்துல "கேலிப்ரேஷன் செய்யப்பட்டது", அவ்ளோதான். எத்தனை பிக்சலை மேப்ல சேர்த்தாங்க, எங்க, ஒண்ணுமே இல்ல. கேட்டேன், அந்த தகவல் யூசருக்கு குடுக்கறதில்லன்னு பதில். எனக்கு இது தான் ஃபெயில்.

ஏன்னா இந்த கேமராவோட லென்ஸ்க்கு ஒரு மீட்டர் தூரத்துல ஒரு பிக்சல் பாக்கற இடம் சுமார் மூணரை மில்லிமீட்டர். ஒரு சின்ன டெர்மினல் ஸ்க்ரூன்னா ரெண்டு பிக்சல், லூஸா இருக்கற லக் (கேபிள் நுனியில மாட்டற உலோக முனை) சூடு ஏறினா அது ஒரே ஒரு பிக்சலா கூட இருக்கலாம். அந்த பிக்சல் மேப்ல போன பிக்சலா இருந்தா, கேமரா அங்க பாக்கவே இல்ல, சுத்தி இருக்கற சூட்டை ஆவரேஜ் பண்ணி ஒரு நம்பரை எழுதி குடுக்குது. அந்த நம்பர் மத்த நிஜ நம்பர் மாதிரியே இருக்கும், புள்ளி வெச்சு காட்டாது, சேவ் பண்ண படத்துலயும் பிக்சல் வாரியா டிகிரி இருக்கும், அதுலயும் இது அளந்தது, இது நிரப்பினதுன்னு பிரிச்சு காட்டல. கண்ணுக்கு தெரியற டெட் பிக்சல் கூட பரவால்ல, நம்ம அதை நம்ப மாட்டோம். நேர்த்தியா மறைச்ச டெட் பிக்சலை தான் நம்பி கையெழுத்து போடறோம். மோனாகுலர்ல வரமா இருந்த அதே வித்தை இங்க ஆபத்தா மாறுது. இதுக்கு மேல 256×192ஐ சாஃப்ட்வேர்ல பெருக்கி 512×384ன்னு காட்டற மோட் வேற இருக்கு, நிரப்பின மதிப்பை இன்னும் நாலு இடத்துக்கு பூசி விடும். அளக்கும்போது அதை ஆஃப் பண்ணி வைங்க.

கம்பெனி சொல்லலன்னா நாமளே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி, கேமராவோட சூட்டு ரேஞ்சுக்குள்ள வர்ற மாதிரி வெச்சு, முனை ஒரு பிக்சல் அளவுக்கு தெரியற தூரத்துல நிறுத்திட்டு, கேமராவை ஸ்டாண்ட்ல வெச்சு மெதுவா நடுப்பகுதி பூரா முனையை கடந்து போற மாதிரி திருப்பணும். ஓரமா பட்டு கொஞ்சம் கொஞ்சம் ஏறி இறங்கறது சகஜம். ஆனா ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும், திரும்ப திரும்ப, சூடு திடுதிப்புனு விழுந்து எழுந்தா அங்க ஒரு நிரப்பின பிக்சல் இருக்கு. முழு சென்சாருக்கும் இதை பண்ண யாராலயும் முடியாது, நடுவுல ஸ்பாட் குறி நிக்கற இடத்துக்கும் அதை சுத்தியும் பண்ணாலே போதும். வேலையில இன்னும் சுலபமா ஒண்ணு பண்ணலாம், சந்தேகப்படற ஒவ்வொரு கனெக்ஷனையும் கேமராவை லேசா நகர்த்தி ரெண்டு தடவை படம் எடுக்கறது, முடிஞ்சா இன்னும் கிட்ட போய் அந்த இடம் மூணுக்கு மூணு பிக்சலாவது தெரியற மாதிரி எடுக்கறது. கரண்ட் ஓடற பேனல்ல கிட்ட போறதுக்கு ஒரு எல்லை உண்டு, அதை மீறி பிக்சல் கணக்கு பாக்காதீங்க, அதுக்கு பதிலா நீளமான லென்ஸ் இருக்கற கேமரா வாங்குங்க.

கேமராவோட மத்த விஷயங்கள் நல்லா தான் இருக்கு, பேட்டரி நிக்குது, படம் 25 ஹெர்ட்ஸ், அசைக்கும்போது ஜவ்வு மாதிரி இழுக்கல, எமிசிவிட்டி (ஒரு பரப்பு சூட்டை எவ்ளோ நல்லா கதிரா வெளிய விடுதுங்கற அளவு) மாத்தறது ரெண்டே அமுக்கல். பளபளன்னு இருக்கற செம்பு பஸ்பார்ல (பேனல்ல கரண்ட் ஓடற பட்டை) நேரா அளந்தா எந்த கேமராவும் பொய் தான் சொல்லும், அது பிக்சல் குத்தம் இல்ல, அங்க கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டின இடத்துல எமிசிவிட்டி 0.95 வெச்சு அளக்கறவங்களுக்கு இது போதுமான கருவி. டேப் ஒட்டறதை கரண்ட் நிறுத்தி இருக்கும்போது பண்ணுங்க. ஆனா புதுசா வாங்க போறவங்க கடைக்காரர்கிட்ட ரெசல்யூஷனை கேக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, யூசர் பிக்சல் கரெக்ஷன் மெனு இருக்கா, நீக்கினதோட லிஸ்ட்டை பாக்க முடியுமா, வாரண்டில எத்தனை பிக்சல் கூட்டமா போனா மாத்தி குடுப்பீங்க. மூணாவதுக்கு எழுத்துல பதில் குடுக்கறவங்க கிட்ட வாங்குங்க. பெரும்பாலும் பேந்த பேந்த முழிப்பாங்க, அதுவும் ஒரு பதில் தான்.

செகண்ட் ஹேண்ட் மோனாகுலர் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. படம் சுத்தமா இருக்குன்னு காட்டுவாங்க, சுத்தமா தான் இருக்கும், புள்ளி எல்லாத்தையும் மெனுல நீக்கிட்டு தானே விக்க வந்திருப்பாங்க. டிவைஸ் நல்லா சூடானதுக்கு அப்புறம், பிக்சல் மேப்பை ஃபேக்டரி டீஃபால்ட்டுக்கு ரீசெட் பண்ண சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாடி. அங்கங்க தனித்தனியா ரெண்டு மூணு புள்ளி எழுந்து வந்தா ஒண்ணும் இல்ல, நீங்களே அரை மணி நேரத்துல திரும்ப நீக்கிக்கலாம். வளைஞ்சு ஒரு கோடா வரிசையா எழுந்து வந்தா அது வெயில்ல சுட்ட தடம், விலையை பேசுங்க இல்ல எழுந்து வந்துடுங்க. ரீசெட் பண்ணவே மாட்டேன்னு சொன்னா பேசக்கூட வேண்டாம்.